டைப் 1 சர்க்கரை உள்ள நான்கு வயதுக் குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது, எடை 15 கிலோ. வாந்தி, மூச்சிரைப்பு என்று தூக்கிக்கொண்டு போனதில் டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தது. ஐசியூவில் வைத்துப் பார்த்து, போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின் இரவு 4 யூனிட், உடனே வேலை செய்யும் அஸ்பார்ட் இன்சுலின் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 1.5, 1.5, 2 யூனிட். தட்டில் வைப்பதில் பாதிதான் சாப்பிடுகிறாள். இரவில் சுகர் இறங்கிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. நாட்டு மருந்து கொடுத்தால் ஊசியே வேண்டாம் என்கிறார் என் மாமனார். என்ன செய்வது?

பதில்:

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அதில்தான் இருக்கிறது. உங்கள் மாமனார் பார்த்திருப்பது பெரியவர்களுக்கு வரும் டைப் 2. அதில் உடம்பில் இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. உங்கள் மகளுக்கு இன்சுலின் சுரக்கும் செல்களில் பெரும்பாலானவற்றை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. பாகற்காய்ச் சாறும் ஆவாரம்பூவும் அழிந்த செல்லைத் திரும்பக் கொண்டுவராது. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் அதே வாந்தி, அதே மூச்சிரைப்பு, அதே ஐசியூ.

இன்னும் சில வாரங்களில் ஒன்று நடக்கலாம். அளவு தானாகவே குறையத் தொடங்கும். ஒரு நாளுக்கு 3, 4 யூனிட்டே போதும் என்ற நிலைகூட வரும். மிஞ்சியிருக்கும் செல்கள் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் வேலை செய்வதால் வரும் இடைக்காலம் இது. ‘ஹனிமூன்’ என்று மருத்துவர்கள் சொல்வார்கள். சில வாரமோ சில மாதமோ இருக்கும், பிறகு போய்விடும். சரியாக இந்த நேரத்தில் ஏதாவது லேகியம் கொடுத்திருந்தால் பேர் லேகியத்துக்குப் போய்விடும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் மகளின் கணக்கு. ஒரு நாள் முழுக்க 9 யூனிட். மொத்த அளவால் 1800-ஐ வகுத்தால், 1 யூனிட் எத்தனை மில்லிகிராம் இறக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 1800-ஐ 9-ஆல் வகுத்தால் 200. அரை யூனிட் கூடினாலே 100 இறங்கும். 60 யூனிட் போட்டுக்கொள்ளும் பெரியவருக்கு ஒரு யூனிட் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது. உங்கள் மகளுக்கு அது 180-க்கும் லோவுக்கும் (சுகர் ஆபத்தாக இறங்குவதற்கும்) உள்ள வித்தியாசம். இந்தக் கணக்கு அவள் உடம்பு எவ்வளவு நுணுக்கமானது என்று புரிந்துகொள்ளத்தான். டோஸை மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலை.

இன்சுலின் போடும் பேனாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் அரை யூனிட் கோடு இருக்கிறதா? மருந்து தீர்ந்ததும் தூக்கிப்போடும் பேனாக்களில் பல ஒவ்வொரு யூனிட்டாகத்தான் திரும்பும், 1.5 அதில் வராது. கார்ட்ரிட்ஜ் மாற்றும் அரை யூனிட் பேனா தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குழி, குப்பியும் சிரிஞ்சும். நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு வலிமையில் வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு உரியது ஆரஞ்சு. பேனா கார்ட்ரிட்ஜில் இருப்பது 100. பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சை விட்டு ‘2’ கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 2 அல்ல, 5 யூனிட். மாறாக, 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் இழுத்தால் பாதிகூடப் போகாது. பல அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருவது 40 குப்பிதான். அதை வாங்கினால் சிவப்பு சிரிஞ்சையும் சேர்த்தே வாங்கி, இரண்டையும் ஒரே டப்பாவில் வையுங்கள். பேனாவும் ஆரஞ்சு சிரிஞ்சும் வேறு டப்பாவில்.

ஊசி போடும் முறையில் பிழை வருவது பெரும்பாலும் அவசரத்தால். கையைக் கழுவுங்கள். புது ஊசியை மாட்டுங்கள். 4 மில்லிமீட்டர் ஊசி போதும். பேனாவை நிமிர்த்திப் பிடித்து 2 யூனிட் வெளியே விட்டு, நுனியில் துளி எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். இதை ‘மருந்து வீண்’ என்று தவிர்க்காதீர்கள். 100 வலிமையில் 1 யூனிட் என்பது 0.01 மில்லிதான். நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒரு ‘சொட்டு’ ஏறக்குறைய 0.05 மில்லி, அதாவது 5 யூனிட். உங்கள் மகளின் மூன்று வேளை அஸ்பார்ட்டும் அந்த ஒரு சொட்டுக்குள் அடங்கிவிடும். அதனால் உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழ் இருந்தாலே ஒரு வேளை மருந்து போகாமல் போகலாம். ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைப்பதால்தான் காற்று புகுகிறது. போட்டு முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

சதை குறைந்த குழந்தை என்பதால் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்து, நேராகக் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். எடுத்தபின் தோலில் கடுகளவு ஈரம் நின்றால் பத்து எண்ணவில்லை என்று அர்த்தம். மறுபடி போடாதீர்கள்; எவ்வளவு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. நோட்டில் குறித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சுகர் பாருங்கள். போட்ட இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம்.

இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்: தொடையின் முன்புற வெளிப்பக்கம், புட்டத்தின் மேற்பகுதி, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயிறு. குழந்தைகள் ‘இங்கதான் வலிக்காது’ என்று ஒரே இடத்தைக் காட்டுவார்கள். வலிக்காததற்குக் காரணம், அங்கே கொழுப்புக் கட்டி உருவாகத் தொடங்கியிருப்பது. கட்டியில் போட்ட மருந்து ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் ஏறும். காரணமில்லாமல் சுகர் ஏறி இறங்கினால் டோஸைச் சந்தேகிக்கும் முன், குளிப்பாட்டும்போது சோப்பு நுரையோடு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தடிப்பு விரலுக்குத் தெரியும்.

குளியல் என்றதும் ஒன்று. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டும் பழக்கம் இருந்தால், சாப்பாட்டு ஊசி போட்ட உடனே செய்யாதீர்கள். தேய்ப்பதும் சூடும் மருந்தை வேகமாக ரத்தத்தில் ஏற்றிவிடும். குளித்து முடித்து, ஊசி, பிறகு இட்லி.

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ கூடாது. ஒரு முறை உறைந்தால் குப்பைதான். பயன்பாட்டில் உள்ளதை 30 டிகிரிக்குக் கீழே வெளியில் 28 நாள் வரை வைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நம் ஏப்ரல், மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 35 தாண்டும். அப்போது அதையும் ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்து, போடும் முன் கையில் சற்று நேரம் உருட்டிக் குளிர்ச்சியைப் போக்குங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அகலப் பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து, மேலே ஈரத்துணி. திறந்த தேதியைப் பேனா மீது ஒட்டுங்கள். கிளார்ஜினும் அஸ்பார்ட்டும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும்; கலங்கினால் வேண்டாம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கிளார்ஜின் பேனாவில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவையுங்கள். தூக்கக் கலக்கத்தில் 4 யூனிட் கிளார்ஜினுக்குப் பதிலாக 4 யூனிட் அஸ்பார்ட் போட்டால் அந்த இரவு ஆஸ்பத்திரியில்தான்.

சுகர் பார்ப்பது இப்போதைக்கு ஒரு நாளுக்கு ஆறு, ஏழு முறையாவது: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன், தூங்கும் முன், நள்ளிரவுக்குப் பின் 2 முதல் 3 மணிக்குள், சந்தேகம் வரும்போதெல்லாம். 70 முதல் 180-க்குள் பெரும்பாலான நேரம் இருந்தால் நல்லது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். மாம்பழம் தின்ற விரலை அப்படியே குத்தினால் 130 இருக்கும் சுகர் 300 என்று காட்டும். அதை நம்பி ஒரு யூனிட் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும் என்று மேலே உள்ள கணக்கிலேயே தெரியும். ஈர விரலில் எடுத்தால் மாறாகக் குறைத்துக் காட்டும். நம்ப முடியாத எண் வந்தால் கையைக் கழுவி மறுபடி பாருங்கள், அதற்குப் பிறகுதான் மருந்து. ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்துபோட்டால் ஈரக்காற்றில் கெட்டுவிடும். கையில் ஒட்டும் சென்சார் வசதிப்பட்டால் இரவுத் தூக்கத்துக்குப் பெரிய உதவி. ஆனால் அது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். அந்தக் கை மேல் குழந்தை படுத்தாலும் பொய்யாக ‘லோ’ அடிக்கும். விரலில் ஒரு முறை உறுதிசெய்யுங்கள்.

இப்போது சாப்பாடு. இந்த வயதில் உண்மையான தலைவலி இதுதான்.

அஸ்பார்ட்டைச் சாப்பாட்டுக்குச் சுமார் 15 நிமிடம் முன் போடுவது சிறந்தது. ஆனால் போட்ட பிறகு குழந்தை ‘வேண்டாம்’ என்று வாயை மூடிக்கொண்டால்? அந்தப் பயத்தில் அம்மா ஊட்டித் திணிக்க, குழந்தை துப்ப, ஒவ்வொரு வேளையும் போர்க்களமாகும். இன்சுலின் போட்டாயிற்று என்பதால் எப்படியும் ஏதாவது தருவார்கள் என்று நான்கு வயதுக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிடும். பிறகு பிஸ்கட் இல்லாமல் எதுவும் இறங்காது. எந்த அளவு சாப்பிடுவாள் என்று தெரியாத நாள்களில், சாப்பிட்டு முடித்த உடனே, சாப்பிட்டதற்கு ஏற்ற அளவு போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சிறு குழந்தைகளுக்கு இது ஏற்கப்பட்ட வழி. சாப்பிட்டபின் சுகர் சற்று ஏறும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். நிச்சயம் சாப்பிடும் அளவுக்கு முன்பும் மீதிக்குப் பின்பும் என இரண்டாகப் பிரிப்பது இன்னொரு வழி. இரண்டு குத்து என்பதுதான் அதன் குறை. எதுவானாலும் சாப்பாட்டு நேரம் அரை மணிக்கு மேல் வேண்டாம். ஊசி முன்பே போட்டு, சாப்பாடு பாதியில் நின்றால், கெஞ்சாமல் பால் கொடுங்கள்: 200 மில்லி பாலில் 10 கிராம் மாவுச்சத்து இருக்கிறது.

மாவுச்சத்தை எண்ணக் கற்றுக்கொள்ள, கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். 100 கிராம் வெந்த சாதத்தில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. 40 கிராம் எடையுள்ள இட்லி ஒன்றில் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 20 கிராம் கோதுமை மாவில் சுட்ட சின்னச் சப்பாத்தியில் 14. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 5. ‘1 யூனிட்டுக்கு 25 கிராம்’ என்று மருத்துவர் எழுதித் தந்திருந்தால், இரண்டு இட்லியும் 100 மில்லி பாலும் 1 யூனிட். உங்கள் இட்லித் தட்டின் குழி எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு முறை நிறுத்துப் பார்த்துச் சுவரில் எழுதி ஒட்டினால், அப்புறம் தினமும் தராசு தேவைப்படாது.

கேழ்வரகு, கம்பு என்றால் சுகர் ஏறாது என்று நம்பி அளக்காமல் ஊட்டுகிறவர்கள் நிறைய. மாவாக நிறுத்தால் கேழ்வரகிலும் அரிசியில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் மாவுச்சத்து குறைவு. குழையக் காய்ச்சிய கஞ்சியாகக் கொடுத்தால் விர்ரென்று ஏறும். சத்துக்காகத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கணக்கில் சேருங்கள். சோற்றைக் குறைத்துக் குழந்தையைப் பட்டினி போடுவதும் வேண்டாம். அவள் வளர வேண்டியவள். வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே அவளும் சாப்பிடலாம்.

சுகர் 70-க்குக் கீழே போனால் லோ. நான்கு வயதுக் குழந்தை ‘மயக்கமா வருது’ என்று சொல்லாது. திடீரென்று அடம், காரணமில்லாத அழுகை, விளையாட்டில் இருந்து விலகி மூலையில் உட்காருவது, வெளிறிய உதடு, பிடரியில் வியர்வை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். சேட்டையா லோவா என்று யோசிக்காமல் விரலைக் குத்திப் பாருங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லை என்றால் லோ என்றே வைத்துக் கொடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? ‘15 கிராம் குளுக்கோஸ்’ என்று எங்கும் எழுதியிருப்பது பெரியவர்களுக்கு. குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 0.3 கிராம், 15 கிலோவுக்கு 4.5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரை, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து. இது 45 முதல் 65 மில்லிகிராம் வரை ஏற்றும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு டீஸ்பூன். பதற்றத்தில் அரை டம்ளர் குளுக்கோஸைப் புகட்டினால் ஒரு மணி நேரத்தில் 350 நிற்கும், அதை இறக்க ஊசி, மறுபடி லோ. சாக்லேட், ஐஸ்கிரீம், கடலைமிட்டாய் எல்லாம் இதற்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். சாப்பாட்டு நேரத்தில் லோ வந்தால், முதலில் குளுக்கோஸ், ஏறிய பிறகே ஊசியும் சாப்பாடும்.

விழுங்க முடியாத நிலை, வலிப்பு, மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைக்காது. இப்போதே மருத்துவரிடம் கேட்டு வாங்கிவைக்கப் பாருங்கள். இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை, விரலில் தொட்ட தேனையோ குளுக்கோஸ் பசையையோ கீழ்ப்பக்கக் கன்னத்தின் உட்புறம் தடவலாம், ஆனால் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக்கூடாது.

இரவுப் பயம் நியாயமானது, ஆனால் எல்லா இரவும் ஒன்றல்ல. பகலில் கடற்கரையிலோ திருவிழாவிலோ ஓடியாடிய நாள், சாயங்காலம் சரியாகச் சாப்பிடாத நாள், வயிற்றுப்போக்கு உள்ள நாள், தூங்கும் முன் கூடுதல் ஊசி போட்ட நாள்: இந்த நாள்களில் 2 மணிக்கு அலாரம் கட்டாயம். ஓடியாடியதன் விளைவு பல மணி நேரம் கழித்தும் வரும். தூங்கும் முன் எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் பால் கொடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். தொடர்ந்து சில இரவுகள் இறங்கினால் நள்ளிரவில் பால் கொடுத்துச் சமாளிப்பது தீர்வல்ல, டோஸைக் குறைக்க வேண்டும். நீங்களும் கணவரும் இரவு மாற்றி இரவு எழுங்கள்.

காய்ச்சல், வாந்தி வரும் நாளில்தான் பெரிய தவறு நடக்கிறது. ‘ஒன்றும் சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?’ என்று நிறுத்திவிடுவார்கள். காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் பெரும்பாலும் கூடுதலாகவே வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தை உண்டாக்கும், கீட்டோனே மேலும் வாந்தியைக் கொண்டுவரும். கிளார்ஜினை எந்தக் காரணத்துக்காகவும் தானாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு ஊசியை மருத்துவரைக் கேட்டுக் குறைக்கலாம். 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை சுகரும், அதோடு கீட்டோனும் பாருங்கள். ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே இருந்தால் சரி, 1.5 தாண்டினால் உடனே மருத்துவருக்குப் போன். 3 தாண்டினால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். கீட்டோன் மீட்டர் இல்லையென்றால் சிறுநீர்க் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். சுகர் அதிகமாக இருந்தால் தண்ணீர், உப்புப்போட்ட நீர்மோர்; சுகர் குறைந்துகொண்டே வந்தால் ஓஆர்எஸ் அல்லது இளநீர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காத வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாடை, வயிற்று வலி, எழுப்பினால் விழிக்காத அசதி, இவற்றில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரி. அங்கே நுழைந்ததும் ‘டைப் 1 சர்க்கரை’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீசிங் என்று நினைத்து நேரம் போய்விடும். காய்ச்சலுக்கோ இழுப்புக்கோ ஸ்டீராய்டு எழுதினாலும் சொல்லுங்கள், அது சுகரை ஏற்றும்.

குழந்தையிடம் ‘ஊசி போடலாமா?’ என்று கேட்காதீர்கள். ‘வேண்டாம்’ என்பாள், பிறகும் போடுவீர்கள், கேட்டதற்கு மரியாதையில்லாமல் போகும். ‘இன்னிக்கு எந்தக் கால், இதா அதா?’ என்று கேளுங்கள். பேனாவைத் தயார் செய்தபின் கூப்பிட்டு, அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். வீடு முழுக்கத் துரத்தினால் பயம்தான் வளரும். ‘சேட்டை பண்ணினா ஊசி போட்டுடுவேன்’ என்று பாட்டிகூடச் சொல்லக்கூடாது. மீட்டரில் 280 வந்தால் ‘ஐயோ’ என்று முகம் மாறாமல், எண்ணை எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். பயன்படுத்திய ஊசிகளை மூடி திருகும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, நிறைந்ததும் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி, அதாவது கடந்த சில மாதங்களின் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. 7-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு, ஆனால் லோ அடிக்கடி வந்து கிடைக்கும் 6.5-ஐவிட லோ இல்லாத 7.2 மேல். தைராய்டு, கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், செய்துவிடுங்கள். தடுப்பூசிகள் வழக்கம்போலவே.

எல்கேஜிக்குத் தாராளமாக அனுப்பலாம். பள்ளி தயங்கினால், டைப் 1 குழந்தைகளுக்கு வகுப்பில் சுகர் பார்க்கவும் இன்சுலின் போடவும் இடையில் சாப்பிடவும் இடம் தரும்படி 2023-இல் தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியிருப்பதைக் காட்டுங்கள். ஆசிரியரிடம் பத்துப் பக்கம் கொடுத்தால் படிக்க மாட்டார். ஒரே அட்டை போதும்: குழந்தையின் படம், ‘திடீர் அழுகை, வியர்வை, சோர்வு என்றால் ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ், பிறகு அம்மாவுக்குப் போன், மயங்கினால் வாயில் எதுவும் வேண்டாம், 108’, இரண்டு போன் எண்கள். பையின் முன் ஜிப்பில் ஒரு டீஸ்பூன் அளந்து மடித்த குளுக்கோஸ் பொட்டலம் நான்கு, மீட்டர், ஒரு சின்னப் பிஸ்கட் பாக்கெட். லோ வந்த குழந்தையைத் தனியாக ஆபீஸ் அறைக்கோ கழிவறைக்கோ அனுப்பக்கூடாது, பெரியவர் ஒருவர் அவள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். அட்டையில் இதையும் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.